சிஞ்ஞோராவின் வியாழக்கிழமை

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இது வலையும் கயிறும் பிடித்த கை. எழுத்துகள் கோட்டில் நிற்காமல் சாயும். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் இன்னும் தடுமாற்றம் உண்டு. பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை. மூன்று பேர் கூடிவிட்டால் நான் சுவரோடு சுவராகிவிடுகிற ஆள்.

பலெர்மோவுக்கு வந்த நான்காவது வருடம் எனக்கு ஒரு கட்டடத்தில் போர்த்தியேரே வேலை கிடைத்தது. வாசல் பார்க்கிறவனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அல்பெர்கேரியா என்ற பகுதியின் மேல்பக்கம், சந்தைச் சத்தம் வந்து சேர்கிற தூரத்தில் ஐந்து மாடிப் பழைய கட்டடம். வாசலோடு கண்ணாடி போட்ட சின்ன அறை. அதற்குள் இருந்து வருகிறவர் போகிறவரைப் பார்க்க வேண்டும். தபாலைப் பெட்டிகளில் போட வேண்டும், படிகளைக் கழுவ வேண்டும், குப்பையை இறக்க வேண்டும். கண்ணாடி அறைக்குப் பின்னால் ஒரு படுக்கையறையும் குசினியும் இருந்தன.

எனக்குப் பெரிது அந்தப் பின்னறைதான். மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடுவதென்றால் நிரந்தர வேலையும், குடும்பம் இருக்கக்கூடிய வீடும் காட்ட வேண்டும். அந்த ஒரு வேலை இரண்டையும் தந்தது. குவெஸ்தூராவில், அதாவது பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி தருகிற பொலிஸ் அலுவலகத்தில், பத்திரங்களைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டுக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். தமிழர்கள் என்றபடியால் பொலிசில் பதிந்த துண்டை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் துண்டைப் பார்த்த பிறகும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் மனைவி கேட்டது ஒன்றுதான்.

"இன்னும் எத்தினை நாள்?"

வேலை போனால் அறை போகும். அறை போனால் அவர்களின் விசா போகும். வேறு கணக்கே இல்லை.

மூன்றாம் மாடியில் ஒரு அம்மா தனியாக இருந்தார், இங்கத்தைய மரியாதையில் சிஞ்ஞோரா. ருமேனியாக்காரி, அறுபது தாண்டியவர். அரசாங்கத்தைக் கண்டித்து எழுதிய ஏதோ கடிதத்தில் கையெழுத்து வைத்ததால் வேலை பறிபோய், விசாரணை விசாரணை என்று அலைந்து, கடைசியில் நாட்டை விட்டு வந்தவர் என்று இரண்டாம் மாடிக்காரர் சொன்னார். இங்கே வீடுகளுக்குப் போய்ப் பிரெஞ்சு படிப்பித்தார். நான் வேலைக்கு வந்தபோது அவருடைய நாட்டில் பழைய ஆட்சி விழுந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ஆனால் சிஞ்ஞோராவைப் பார்த்தால் அது விழுந்த மாதிரித் தெரியாது. என் கையிலிருந்து கடிதத்தை வாங்கியதும் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஒட்டிய இடத்தை நகத்தால் தடவுவார். அவர் வீட்டில் தொலைபேசிக்கு மேல் எப்போதும் ஒரு தலையணை இருக்கும். யாராவது வந்து பேசினால் குசினியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்.

வெளியே போகும்போது, யாரும் திறந்தார்களா என்று பிறகு பார்க்க, கதவின் அடியில் ஒரு கறுப்பு நூல் வைத்துவிட்டுப் போவார். அது எனக்குத் தெரியாது. படி கழுவப் போனவன் குப்பை என்று நினைத்து இரண்டு தரம் கூட்டித் தள்ளிவிட்டேன். இரண்டாவது தரம் அவர் திரும்பி வந்து கதவைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியிலேயே நின்றார். நான் கீழேயிருந்து பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அதற்குமேல் என் இன்னொரு பழக்கம். எங்கள் ஊரில் ஒருவர் வெளிக்கிட்டால் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. போகிற காரியம் சரிவராது என்பார்கள். ஆனால் வாய் திறக்காமல் விடுவதும் மரியாதை இல்லை. அதனால் "தூரமோ?" என்று கேட்போம். போகிறவர் "இல்லை, கிட்டத்தான்" என்பார். அவர் கொழும்புக்குப் போனாலும் அதைத்தான் சொல்லுவார். கேட்டவனுக்கும் பதில் தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் நான் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்குள்ளிருந்து எழுந்து நின்று சிஞ்ஞோராவை "லொந்தானோ?" என்று கேட்டுவந்தேன். தூரமோ என்பதற்கு எனக்குத் தெரிந்த இத்தாலியன் அதுதான்.

நான்கைந்து மாதம் அவர் பதில் சொல்லாமல் போனார். ஒரு நாள் நின்றார். அவர் பேசியது இத்தாலியன். என் நினைவில் இருப்பது எங்கள் தமிழில்தான், அப்படியே எழுதுகிறேன்.

"நான் எங்கை போறன் எண்டு ஏன் ஒவ்வொரு நாளும் கேக்கிறீர்?"

"எங்கை எண்டு கேக்கேல்லை, சிஞ்ஞோரா. தூரமோ எண்டுதான்..."

"அது கேள்வி இல்லையோ?"

"மரியாதைக்குக் கேக்கிறது."

"ஆருக்கு மரியாதை? உம்மட்டை எழுதி வாங்கிற ஆளுக்கோ?"

எனக்கு வாய் வரவில்லை. வராத வாய் குற்றவாளியின் வாய் மாதிரியே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வரவில்லை.

பக்கத்துக் கட்டடத்தில் படி கழுவுகிறவன் யாழ்ப்பாணத்தான், என் வயதுக்காரன், பலெர்மோவில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதன். அவனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், அவ உன்னைத் தலையாட்டி எண்டு நினைக்கிறா."

"பகிடி விடாதை."

"என்ன பகிடி? நூலை எடுத்தது ஆர்? தூரமோ எண்டு கேட்டது ஆர்? கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருந்து முழிசிப் பாக்கிறது ஆர்? தலைக்குச் சாக்குத்தான் போடேல்லை. மற்றதெல்லாம் பொருத்தம்."

அவன் சிரித்தான், எனக்கு உண்மையான தலையாட்டி நினைவுக்கு வந்தான். ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்களை எல்லாம் வரிசையில் விட்டு ஒரு ஜீப்பைக் கடந்து நடக்கச் சொல்வார்கள். ஜீப்புக்குள் தலையில் சாக்கு மூடிய ஒருவன் இருப்பான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை ஏற்றுவார்கள். எனக்கு அந்தச் சாக்கு அசையவில்லை. எனக்கு முன்னால் போனவருக்கு அசைந்தது. நாங்கள் ஒரே தோணியில் தொழில் செய்தவர்கள். அன்றைக்குப் பிறகு ஊரில் யாரைக் கண்டாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். கடைக்காரரின் கண், கோயில் மணி அடிக்கிறவரின் கண், என் சொந்த மச்சானின் கண். ஏன் என்னை விட்டான் என்ற கேள்வியும் கூடவே வரும். என்னைத் தெரிந்தவன் என்பதாலா? அப்படியென்றால் எனக்குத் தெரிந்த யார்?

ஆகவே சிஞ்ஞோரா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புதிதில்லை. அதை உள்ளே இருந்தே அறிந்தவன் நான். அதை மாற்றத்தான் வழி தெரியவில்லை. லொந்தானோ கேட்பதை நிறுத்தினேன். நிறுத்தியதும் அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. யாரோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

இடையில் ஒரு நாள் நான் குடும்பத்துக்கான படிவத்தோடு கண்ணாடி அறையில் முழித்துக்கொண்டிருந்தபோது அவர் தபாலுக்கு வந்தார். தலைகீழாகவே வாசித்துவிட்டு விரலை வைத்தார். "மகள் பிறந்த இடம் எழுதேல்லை" என்றார். போய்விட்டார். அவ்வளவு நல்லது செய்தவர் அடுத்த கிழமையே கட்டட நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார். போர்த்தியேரே குடியிருப்பவர்களின் நடமாட்டத்தைக் கண்காணிக்கிறான், கதவில் வைத்த அடையாளங்களை அகற்றுகிறான், கேள்விகள் கேட்கிறான் என்று.

நிர்வாகி என்னைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினார்.

"என்ன இது? நீ பொலிஸோ?"

"இல்லை, சிஞ்ஞோர்."

"பதினைஞ்சு நாளிலை கூட்டம் இருக்கு. அதிலை பேசுவம். உன்னை மாதிரி ஆக்களை வைச்சிருக்கிற காலம் போட்டுது எண்டு கன பேர் சொல்லுகினம்."

அந்தப் பதினைந்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கவும் இல்லை. எடுத்தால் எத்தனை நாள் என்று கேட்பாள்.

கூட்டத்துக்கு முந்திய கிழமை, திங்கட்கிழமை காலை, சிஞ்ஞோரா தானாகவே கண்ணாடி அருகே வந்து நின்றார். முகம் என்றும் இல்லாத இளக்கமாக இருந்தது. வியாழன் மூன்று மணிக்குப் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் போவதாகவும், மெஸ்ஸினா ரயிலில் தன் மச்சாள் வருவதாகவும் சொன்னார். நான் கேட்கவே இல்லை. "சரி சிஞ்ஞோரா, சந்தோஷம்" என்றேன். கோபம் ஆறிவிட்டது என்று நம்பினேன். அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்த ஆள் வந்தான்.

நாற்பது வயது இருக்கும். பழுப்புத் தோல் ஜாக்கெட், துடைத்த சப்பாத்து. அடையாள அட்டை எதுவும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நீதிபதி குடியிருந்ததால் அப்போது எங்கள் தெருமுனையில் துவக்கோடு இரண்டு படையினர் எந்நேரமும் நிற்பார்கள். அவர்களைக் கடந்து அவன் சாவதானமாக வந்தான். என் நாற்காலிக்கு முன்னால் நின்று முதலில் கேட்டது இதைத்தான்.

"உன்ரை பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?"

"மார்ச்சிலை, சிஞ்ஞோர்."

"குடும்பத்தையும் கூப்பிடுறியாம். நல்லது, நல்லது. மூண்டாம் மாடிக்கு ஆர் ஆர் வாறவை?"

"ஒருத்தரும் வாறேல்லை."

"அவ வெளியிலை போறதில்லையோ?"

"படிப்பிக்கப் போவா."

"வேறை?"

அந்த 'வேறை'யைச் சொல்லிவிட்டு அவன் கண்ணாடியில் சாய்ந்து நின்றான். என் பின்னறைக் கதவு திறந்திருந்தது. மகளுக்கென்று வாங்கி வைத்த சின்னக் கட்டில் தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்ததாக எனக்குத் தோன்றியது. ஊரில் என்றால் யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லுவேன். அன்றைக்கு மட்டும் ஏன் வாய் திறந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசத் தெரியாத நான் ஒரு தடையும் இல்லாமல் சொன்னேன்.

"வியாழக்கிழமை மூண்டு மணிக்கு ஸ்தாசியோனேக்குப் போறா. மெஸ்ஸினாவிலையிருந்து மச்சாள் வாறாவாம்."

"பாத்தியோ, நீ நல்ல பிள்ளை" என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டுப் போனான். ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

அவன் போன பிறகுதான் யோசனை ஓடியது. என் குடும்ப விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? நிர்வாகிக்குத் தெரியும். குவெஸ்தூராவுக்குத் தெரியும். ஞாயிறு பூசை வைக்கிற மாதா கோயில் சுவாமிக்கும் என் சிநேகிதனுக்கும் தெரியும். படிவத்தைத் தலைகீழாக வாசித்த சிஞ்ஞோராவுக்கும் தெரியும். ஐந்து முகங்களையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தேன். சிநேகிதனைக்கூட நான் விடவில்லை. அடுத்த நாள் அவன் வந்து பகிடி விட்டபோது அவனுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா, கடன்காரனைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறாய்?" என்றான்.

வியாழன் வந்தது. இரண்டரை மணிக்குச் சிஞ்ஞோரா குடையோடு இறங்கிப் போனார். நான் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் தெரு முடிவில் திரும்பியதும் எனக்கு அந்த ஜாக்கெட்காரன் நினைவுக்கு வந்தான். அங்கே அவன் நின்றால்? அவரை ஏதாவது செய்தால்? வாளியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். கோர்சோ துக்கோரித் தெரு நெடுக அவர் நின்றால் நானும் நின்றேன். அவர் நடந்தால் நானும் நடந்தேன். அவரைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்த நடைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்தாசியோனேயில் அவர் மூடிக்கிடந்த ஒரு கடைக்கு முன்னால், பயணிகள் இருக்கிற நீள வாங்கில் இருந்தார். நான் நேர அட்டவணைப் பலகைக்குப் பின்னால் நின்றேன். ஜாக்கெட்காரன் எங்கும் இல்லை. மெஸ்ஸினா ரயில் வந்தது, சனம் இறங்கியது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பாமலே கையை மட்டும் அசைத்தார். கடைக் கண்ணாடியில் நான் முழுதாகத் தெரிந்திருக்கிறேன்.

"வாரும். இரும்."

இருந்தேன்.

"உமக்கு இது சரிவராது. எங்கடை நாட்டிலை பின்னாலை வாறவை ஒரு பேப்பர் எண்டாலும் வைச்சிருப்பினம். நீர் றப்பர் கையுறையோடை வந்து நிக்கிறீர்."

அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். மஞ்சள் கையுறை, சவர்க்கார நுரைகூடக் காயவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வந்தது, கேட்டது, நான் சொன்னது எல்லாம். அவர் கோபிக்கவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன சப்பாத்து? இருந்தானா, நின்றானா? எழுதினானா? வேறு மொழிச் சாயல் ஏதும் பேச்சில் இருந்ததா?

"முதல் கேள்வி என்ன?"

"பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது எண்டு."

"ஓம். முதல் கேள்வி எப்பவும் உம்மைப் பற்றித்தான் இருக்கும்."

பிறகு வெறும் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்கடை கட்டடத்திலை ஒருத்தர் வீட்டுப் புத்தகம் வைச்சிருந்தவர். இரவு தங்கிற விருந்தாளின்ரை பேரும் அதிலை ஏறவேணும். குளிருக்குள்ளை எங்கை போறியள் எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பார். இருபது வருசம். எனக்குக் காய்ச்சல் வந்தா சூப் கொண்டு வந்து தாறவர்."

"அவரோ எழுதிக் குடுத்தவர்?"

"தெரியாது. அவரும் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. ஆட்சி விழுந்திட்டுதாம். சரி, எழுதின ஆக்கள் எங்கை போனவை? எல்லாரும் மீன் பிடிக்கப் போட்டினமோ?"

மச்சாள் வரவில்லையே என்று கேட்டேன்.

"எனக்கு மச்சாள் இல்லை. வியாழக்கிழமை எண்டு உமக்கு மட்டும்தான் சொன்னனான். வேறை ஆக்களுக்கு வேறை நாள். எந்த நாளிலை ஆள் வருகுது எண்டு பாத்தா, ஆர் சொன்னது எண்டு தெரியும். நாங்கள் அங்கை சிநேகிதருக்குள்ளையே இப்பிடிச் செய்து பாக்கிறனாங்கள்."

வாழ்க்கையில் ஒரு தரம் எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப அந்த ஆளையும் நீங்களோ அனுப்பினது?"

அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"அதை இனி நீர் யோசிச்சுக்கொண்டிரும். நான் முப்பது வருசமா யோசிக்கிறன்."

எழுந்து போய்விட்டார். நான் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வேறு வழியாக வந்தேன்.

கூட்டம் கட்டட முற்றத்தில் நடந்தது. நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றேன். நிர்வாகி கடிதத்தை வாசித்தார். வாசித்துவிட்டு, இந்த முறைப்பாடு ஒரு நல்ல சந்தர்ப்பம் என்றார். போர்த்தியேரே வேண்டாம், வாசலில் பொத்தானும் ஒலிபெருக்கியும் வைத்துவிடலாம், மேலே இருந்தபடியே பேசிக் கதவைத் திறக்கலாம், என் அறையை வாடகைக்கு விடலாம் என்றார். பலர் தலையசைத்தார்கள். அடுத்த தரம் கொழும்புக்கு என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிஞ்ஞோரா எழுந்தார்.

"நான் எழுதினது எல்லாம் உண்மை. இந்தாள் பாக்கிறவர், கேக்கிறவர். ஒருக்காச் சொல்லிப்போட்டும் இருக்கிறார்."

முற்றத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆனா சொன்னதை எனக்கு வந்து சொன்னவர். உந்தப் பெட்டிக்குள்ளை ஆர் இருந்து கேக்கிறான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அது வந்து சொல்லுமோ? இந்தாளின்ரை முகமெண்டாலும் எனக்குத் தெரியும். இருக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். இரண்டாம் மாடிக்காரர், "சிஞ்ஞோராவுக்கு ஒரு ஒற்றன் தேவைப்படுகுது, விடுங்கோ" என்றார். அதற்கும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது ஒலிபெருக்கிப் பெட்டி தோற்றது. நான் நன்றி சொல்ல மேலே போனேன். அவர் கதவுச் சங்கிலியை எடுக்கவில்லை. இடுக்கால், "சரி, போம்" என்றார்.

மனைவியும் மகளும் அடுத்த ஆடியில் வந்து சேர்ந்தார்கள். நேர்மையாக உழைத்ததால்தான் வேலை நிலைத்தது என்று மனைவி நம்புகிறாள். கோயிலில் மற்றப் பெண்களிடமும் அப்படித்தான் சொல்கிறாள். அந்த ஜாக்கெட்காரனை ஒரே ஒரு தரம் சந்தையில் கண்டேன். சியாகுல்லி மந்தாரின் தோடம்பழம் ஒரு பை வாங்கிக்கொண்டிருந்தான். நாடியை உயர்த்தினான். எனக்கா, பழக்காரனுக்கா என்று தெரியவில்லை. சிஞ்ஞோராவிடம் நான் மறுபடி கேட்கவில்லை. அவர் இப்போதும் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். நான் படி கழுவும்போது மூன்றாம் மாடிக் கதவடியில் துடைப்பத்தைத் தூக்கிக்கொள்கிறேன்.

மனைவி அவரோடு பழகிவிட்டாள். மகளுக்குப் பிரெஞ்சு சொல்லித் தருகிறார் என்று ஞாயிறு பின்னேரங்களில் மேலே போவாள். அவள் இறங்கி வரும்போதெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். போன ஞாயிறு அவளே கேட்டாள்.

"சிஞ்ஞோரா சொல்லுறா, ஸ்தாசியோனேக்கு ஏன் வந்தனீர் எண்டு உம்மடை மனுசனைக் கேளும் எண்டு. என்ன கதையப்பா?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

அவள் அன்றிலிருந்து நான் பேசும்போது என் கண்ணைப் பார்க்கிறாள். அவளுக்கு இது வேறொருவர் வாயால் போய்ச் சேரக் கூடாது. ஒரு கிழமையாக யோசித்தேன். இப்போது இருவரும் பூசைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வர இன்னும் அரை மணி நேரம் இருக்கும். இந்தக் கொப்பியைக் குசினி மேசையில் திறந்தபடி வைத்துவிட்டுக் கண்ணாடி அறையில் போய் இருக்கப்போகிறேன்.

பலெர்மோ, 1999 கார்த்திகை 14, ஞாயிற்றுக்கிழமை.